ஏட்டு கவ்வி வந்த உருண்டை

பவானி என்கிற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது வீரபாண்டித் திருவிழாவில், மைக்செட்டில். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அக்கினிச்சட்டி எடுத்து முடித்தவர்கள் ஈரத்துணியோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ராட்டினத்துக்கு மேலே கட்டியிருந்த குழாய், "ஜெயமங்கலம் மொக்கைச்சாமி மகள் பவானி, வயசு ஆறு, பச்சைப் பாவாடை, எங்கிருந்தாலும் போலீஸ் கொட்டகைக்கு வரவும்" என்று விடாமல் கத்தியது. கொட்டகைக்கு வழி தெரிந்தால் அந்தப் பிள்ளை ஏன் தொலைகிறது என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள்.

பிள்ளையை அக்கரை வாழைத்தோப்பில் கண்டுபிடித்தார்கள். ஒரு தெருநாய்க்குப் பின்னாலேயே நடந்து போயிருக்கிறாள். "நான் தொலையல. இந்த நாய்தான் தொலஞ்சு போச்சு. அது வீட்டைத் தேடிக் குடுக்கப் போனேன்" என்று சொன்னாளாம். அப்பன் அடித்த அடியில் அவள் அழ, நாய் குரைக்க, கூட்டம் கூடிவிட்டது. நானும் எட்டிப் பார்த்தேன். மெலிந்த பிள்ளை. அழுகிறபோதுகூட நாயின் காதை விடவில்லை.

பிறகு வருஷங்கள் ஓடி, என் தம்பியின் இரண்டாவது மகன் தங்கப்பாண்டியனுக்கு ஜெயமங்கலத்தில் பொண்ணு பார்த்தோம். பேர் பவானி என்றார்கள். "மைக்குல வந்த பிள்ளையா?" என்று கேட்டேன். மொக்கைச்சாமி வெட்கப்பட்டு, "ஆமா மதினி, அதேதான்" என்றார். தம்பி மகன் எனக்கு மருமகன் முறை. அவனைக் கட்டி வந்ததால் அவள் எனக்கு மகள் முறையானாள். பெரியம்மா என்று கூப்பிடுவாள். அதனால்தான் அவள் வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். கொஞ்சம் கண்ணால் பார்த்தது. மிச்சம் அவளும் மதன்குமாரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது.

என் பிறந்த ஊர் கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில். தம்பி போய்ச் சேர்ந்த பிறகு அவன் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் எதிரெதிராக வீடு கட்டிக்கொண்டார்கள். மூத்தவன் முத்துராமலிங்கம். அவன் பெண்டாட்டி சோணையம்மாள். வாய் கொஞ்சம் நீளம், கையும் நீளம். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதல் கஞ்சி அவள் வீட்டிலிருந்துதான் போகும். இவர்கள் மகன்தான் மதன்குமார். விடியுமுன்னே பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுகிறவன். இளையவன் தங்கப்பாண்டியனுக்கு மேலே வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. சனிக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை ஏறிவிடுவான். பவானி ஊரிலேயே திராட்சைத் தோட்டத்துக்குப் பழம் அறுக்கப் போவாள். அவர்களுக்கு அனுஷ்கா என்று ஒரே பிள்ளை. இது நடந்தபோது மூணாவது படித்தது.

நாய் வந்தது வண்டன்மேட்டிலிருந்து. அங்கே தோட்டக் காவலுக்கு இருந்த ஒரு மலையாளத்துச் சேட்டன் அதை வளர்த்தார். ஏலத்தோட்டம் முழுக்கச் சரிவு. கத்தி விழுந்தாலும் வெற்றிலைப் பெட்டி விழுந்தாலும் கீழே உருண்டுபோகும். அவருக்கு முட்டியில் வலி. இறங்கி ஏற முடியாமல், விழுந்ததை எல்லாம் நாய் கவ்விக்கொண்டு வரும்படி பழக்கிவிட்டார். பல் படாமல் கொண்டுவர வேண்டும், கேட்டால் தர வேண்டும், அதுதான் பாடம். அவர் வேலையை விட்டு ஊருக்குப் போகிறபோது தங்கப்பாண்டியன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டார். பவானிக்கு நாய் என்றால் உயிர் என்று இவனுக்குத் தெரியுமே.

கீழே வந்த நாய்க்குச் சரிவு இல்லை, விழுகிற சாமான் இல்லை. சும்மா இருக்குமா? கண்ணில் பட்டதெல்லாம் விழுந்த சாமான் என்று முடிவு கட்டிவிட்டது. வாசலில் விட்ட செருப்பு, கொடியில் காய்ந்த துண்டு, குழம்புச் சட்டியின் மூடி, வாத்தியார் வீட்டுக் கண்ணாடிக் கூடு. எல்லாம் பவானி காலடிக்கு வரும். வைத்துவிட்டு உட்கார்ந்து வாலால் மண்ணைப் பெருக்கும். முத்துராமலிங்கம்தான் அதற்குப் பேர் வைத்தான். "எந்த வாசலுக்குப் போனாலும் வெறும் வாயோட திரும்புறானா பாரு. இவன் ஏட்டுடா" என்றான். அதோடு ஏட்டு ஆகிவிட்டது.

பவானி திராட்சை அள்ளுகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை வாசலில் வைத்தாள். ஏட்டு கொண்டுவந்ததை எல்லாம் அதில் போடுவாள். பொழுது சாய்கிறபோது தெருவே வந்து நிற்கும்.

"ஏட்டையா, என் இடது கால் செருப்பை ஜாமீன்ல விடுங்கய்யா."

"ஏலே, உன்னுது பழைய செருப்புதான. இந்தா கிடக்கு."

"கடிச்சே வைக்கலையே. போட்டபடியேதான இருக்கு! பவானி, உன் நாய்க்குப் பல்லு இருக்கா இல்லையா?"

"இருக்கு. மரியாதையும் இருக்கு."

அது பொய்யில்லை. சோணையம்மாளின் கோழி வைக்கோல் படப்பில் இட்ட முட்டையை ஒருநாள் உடையாமல் கவ்விக்கொண்டு வந்து கிரேட்டுக்குள் வைத்தது. மறுநாளும் வைத்தது. சோணையம்மாள், கோழிதான் கள்ளத்தனமாக பவானி வீட்டில் இடுகிறது என்று நினைத்துக் கோழியை அடித்தாள். உண்மை தெரிந்த அன்று முற்றமே சிரித்தது. "இவிட வா" என்றால் வரும், தமிழில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது என்பதால் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் மலையாளம் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

நானும் சிரித்தவள்தான். ஆனால் அந்த நாயின் வாயில் கடிக்கிற குணமே இல்லாமல் போனது, அந்த ஊரில், அந்த வருஷத்தில், எவ்வளவு பெரிய ஆபத்து என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் கெட்டது குலசாமி கும்பிட்ட அன்று வந்தது. அந்த வீட்டில் பிறந்த பொண்ணுகள் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் வகையறாவில் வெட்டின கெடாவின் தலை மூத்த வீட்டுக்கு. அது கறிக்காக இல்லை, மரியாதைக்காக. இலையில் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மூத்த மருமகள் கையில் கொடுப்பார்கள். அவள் அதைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். பூசாரி தலையை இலையில் வைத்துவிட்டுத் திருநீற்றுத் தட்டை எடுக்கத் திரும்பினார். திரும்பி வந்தால் இலைதான் இருக்கிறது.

தேடாத இடமில்லை. கடைசியில் இளையவன் வாசலில், கிரேட்டுக்குள், ஒரு பல் காயம் இல்லாமல் கெடாத்தலை உட்கார்ந்திருந்தது. ஏட்டு பக்கத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒருத்தன் வாய் சும்மா இல்லாமல், "அப்ப இனிமே மூத்த மரியாதை பவானி வீட்டுக்குத்தானா?" என்றான். அந்த ஒரு சொல்தான். சோணையம்மாள் முகம் கறுத்துவிட்டது.

"எந்த வாய் அதை எடுத்துச்சோ அந்த வாய் புழுத்துப் போகும். அதை வளக்குற வீடு கருகிப் போகும்" என்று மண்ணை வாரி இறைத்தாள்.

"அக்கா, நாயைச் சொல்லுங்க. வீட்டை ஏன் சொல்றீக? உள்ள பிள்ளை இருக்கு" என்றாள் பவானி.

"பிள்ளை இருக்குன்னு உன் நாய்க்குத் தெரியலையா?"

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. முற்றத்தில் ஒருத்தி வந்தால் மற்றவள் உள்ளே போய்விடுவாள். பவானி அந்தச் சொல்லை விழுங்கவே முடியாமல் கிடந்தாள். போனில் என்னிடம், "பெரியம்மா, சாமி முன்னாடி சொன்ன சொல்லு பலிக்குமா?" என்று கேட்டாள். கோபத்தில் சொல்வது காற்றோடு போகும் என்றேன். அவள் ம் என்றாள். நம்பவில்லை.

அந்த வருஷம் காட்டுப்பன்றி இறங்கியது. மலையடிவாரத்தில் முத்துராமலிங்கம் போட்ட மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரம். கூட்டமாக வந்து ஒரே ராத்திரியில் பாய் விரித்த மாதிரி சாய்த்துவிட்டுப் போகும். தகரம் தட்டினார்கள். பழைய சேலையைக் கட்டிப் பார்த்தார்கள். பன்றிக்கு எல்லாம் பழகிவிட்டது. தோட்டத்துக்குப் போன பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் தொடையைக் கிழித்துவிட்டது. அப்புறம் மேற்கேயிருந்து எப்போதாவது ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. டொப் என்று ஒன்றே ஒன்று. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நிறுத்துவார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். யாரும் அது என்ன என்று கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அது பன்றிவெடி. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. நூலால் இறுக்கிச் சுற்றி, மேலே கொழுப்போ கருவாடோ பூசியிருக்கும். பன்றி கடித்தால் தாடை இருக்காது. மாடு கடித்தாலும் அப்படித்தான், மனிதன் மிதித்தாலும் அப்படித்தான். வைத்தவனை ஃபாரஸ்ட்காரர்கள் பிடித்தால் ஜெயில். மதன்குமார் அதில் சிலதை எங்கிருந்தோ வாங்கி வந்து, அப்பன் ஆத்தாளுக்குக்கூடச் சொல்லாமல், சோளக்காட்டின் மேற்கு வரப்போரம் குழி பறித்து வைத்துவிட்டான்.

வேறு எந்த நாயாக இருந்தாலும் அங்கேயே கடித்துச் செத்திருக்கும். ஏட்டு கடிக்கவில்லை. விழுந்த சாமான் என்று நினைத்து, முட்டையைக் கவ்வுகிற மாதிரி கவ்வி, அவ்வளவு தூரமும் நடந்து, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.

முதலில் பார்த்தது அனுஷ்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கிரேட்டைக் கிளறுவது வழக்கம். "அம்மா, ஏட்டு பந்து கொண்டாந்திருக்கு" என்று எடுத்தாள். மேலே தூக்கிப் போட்டாள். இரண்டு கையாலும் பிடித்தாள். மறுபடியும் தூக்கிப் போடக் கையை ஓங்கினாள்.

பவானி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நூல் சுற்றின உருண்டை. செம்மண் ஒட்டியிருக்கிறது. கருவாட்டு வாடை, பிணவாடை மாதிரி. அவளுக்கு வெடி என்ற நினைப்பே வரவில்லை. பள்ளத்து ஊரில் பிறந்தவள், பன்றிவெடியைப் பார்த்ததே இல்லை. நூல் சுற்றின உருண்டை வாசலில் வந்தால் அவள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். செய்வினை.

"கையில ஆட்டாதடி! மெல்லக் கீழ வையி. கீழ வையி தாயி" என்றாள்.

பிள்ளை ஆத்தாள் முகத்தைப் பார்த்துப் பயந்து, மெதுவாகக் கீழே வைத்தது. தூக்கி எறி என்று அவள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது.

பவானி அகப்பையால் அந்த உருண்டையை எடுத்து ஒரு மண்சட்டியில் வைத்து, மேலே வேப்பிலை போட்டு மூடி, வாசல் மூலையில் தள்ளிவைத்தாள். பிள்ளையின் கையை மஞ்சள் போட்டுக் கழுவினாள். மறுநாளே கோடாங்கியிடம் போனாள். எங்கள் பக்கம் உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவரைக் கோடாங்கி என்போம். உருண்டையை எடுத்துப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. வாயால்தான் சொன்னாள். அவர் அந்த உருண்டையைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

"நூலு சுத்தியிருக்கா?"

"சுத்தியிருக்கு சாமி."

"நாத்தம் இருக்கா?"

"குடலைப் புரட்டுது."

அவர் உடுக்கையை அடித்து, கண்ணை மூடி, "உறவுல ஒரு பொம்பளை. உன் வாசலைப் பாத்த வாசல்" என்றார். பவானிக்கு அழுகை வந்துவிட்டது. "கையால தொடாத. வர்ற அமாவாசை உச்சிப்பொழுதுல தீ வளத்து, திரும்பி நின்னு, முதுகுக்குப் பின்னால தீயில போடு. யாரு தடுத்தாலும் நிக்காத. வச்சவுகளுக்குத்தான் வயிறு எரியும், அவுகதான் தடுக்க ஓடி வருவாக" என்றார்.

அமாவாசைக்கு நாள் கிடந்தது. அத்தனை நாளும் அந்தச் சட்டி வாசல் மூலையில் இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை வீட்டுப்பாடம் எழுதியது. அதன் மேல் கோழி ஏறி நின்றது. ஏட்டு அதை முகர்ந்து பார்த்து, தான் கொண்டுவந்த சாமான் பத்திரமாக இருக்கிறது என்கிற மாதிரி பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்.

இதற்கிடையில் மதன்குமார் வரப்புக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். வைத்த இடத்தில் ஒன்றைக் காணோம். வெடித்த தடம் இல்லை, ரத்தம் இல்லை. ஃபாரஸ்ட்காரர்கள் எடுத்திருந்தால் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பார்கள். மண்ணில் நாய்க்கால் தடம் மட்டும் இருந்தது. ஆத்தாளும் சித்தியும் பேசுவதில்லை என்றாலும் பவானி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"சித்தி, ஏட்டு ஏதாச்சும் கொண்டாந்துச்சா?"

"ஏன்? உன் செருப்பு காணாமப் போச்சா?"

"செருப்பு இல்ல. சின்னதா... உருண்டையா ஏதாச்சும்?"

உருண்டை என்று இவனுக்கு எப்படித் தெரியும்? ஆத்தாள் வைத்ததை மகன் வேவு பார்க்க வந்திருக்கிறான்.

"ஒண்ணும் கொண்டாரல" என்றாள்.

"நெசமாவா சித்தி?"

"உங்காத்தாகிட்டப் போய்ச் சொல்லு. எங்க வீட்டுக்கு ஒண்ணும் வரல, எங்களுக்கு ஒண்ணும் ஆகல."

அவன் ஆத்தாளை ஏன் இழுக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. பழைய கெடாத்தலைக் கோபம் என்று நினைத்தான். வாயைத் திறந்து 'அது வெடி' என்று சொல்ல நாக்கு வரை வந்ததாம். சொன்னால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் ஃபாரஸ்ட் ஆபீஸுக்குத் தெரியும். விழுங்கிக்கொண்டு போய்விட்டான். சட்டி அவன் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில், வேப்பிலைக்குக் கீழே இருந்தது.

அன்றோடு மிச்சத்தைத் தோண்டி எடுத்துவிட வேண்டியதுதானே என்று பின்னால் நான் கேட்டேன். "எடுக்கப் பயமா இருந்துச்சு அப்பத்தா. வைக்கையில வராத பயம் எடுக்கையில வந்துருச்சு" என்றான்.

சில நாளில் ஏட்டு இன்னொன்றைக் கொண்டுவந்தது. இந்தத் தடவை பவானி கண்ணெதிரே. தெருமுனையிலிருந்து தலையை நிமிர்த்தி, பெருமையாக நடந்து வந்து, அவள் பெருவிரலுக்குப் பக்கத்தில் மெதுவாக இறக்கி வைத்து, உட்கார்ந்து வாலை ஆட்டியது. அவள் நாயை அடிக்கவில்லை. "உன் வாயில ஏண்டா குடுத்தனுப்புறாக" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதையும் சட்டிக்குள் வைத்தாள். நாயை முருங்கை மரத்தில் கட்டிப்போட்டாள்.

அமாவாசை வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, தலைக்குக் குளித்து, முற்றத்தின் நடுவில் தென்னமட்டையும் விறகும் அடுக்கித் தீ மூட்டினாள். கொல்லையில் மூட்டியிருக்கலாம். சோணையம்மாள் பார்க்க வேண்டும் என்றுதான் நடுவில் மூட்டினாள்.

சோணையம்மாள் வாசலுக்கு வந்தாள். கெடாத்தலை நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"என்னடி, நட்ட நடு முத்தத்துல தீ வளக்குற? யாரைக் கொளுத்த?"

"வச்சவுகளுக்குத் தெரியும்."

"என்னத்த வச்சாக?"

"நல்லா நடிக்கிறீகக்கா. என் பிள்ளை கையில எடுத்துச்சு. அது உங்களுக்கும் மகதான? நாய் மேல கோவம்னா நாயை அடிச்சிருக்கலாம்ல?"

"ஆத்தா, இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு! ஏலே மதனு, இங்கன வாலே!"

மதன்குமார் அமாவாசை என்று அன்றைக்கு ஜீப்பு எடுக்கவில்லை. தெருவில் நிறுத்திக் கழுவி, எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே வந்தவன் தீயைப் பார்த்தான். சித்தி கையிலிருந்த சட்டியைப் பார்த்தான். வேப்பிலை காய்ந்து சுருண்டு, இடுக்கில் நூல் தெரிந்தது.

"சித்தி! போடாதீக! சித்தி, அது பன்னிவெடி!"

பவானி அவன் முகத்தைப் பார்த்தாள். வேர்த்து, வெளிறி, கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறான். கோடாங்கி சொன்னபடியே நடக்கிறது. வச்சவர்கள் தடுக்க ஓடி வருவார்கள். ஆத்தாளைக் காப்பாற்ற வாய்க்கு வந்ததைச் சொல்கிறான்.

திரும்பி நின்றாள். சட்டியை முதுகுக்குப் பின்னால் தீயில் போட்டாள்.

சட்டி விறகில் மோதி உடைந்தது. ஒரு உருண்டை தெறித்து அம்மிக்கல் ஓரம் உருண்டது. இன்னொன்று தீக்குள் விழுந்தது. மதன்குமார் யோசிக்கவில்லை. சித்தியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, எரிகிற விறகை உருண்டையோடு சேர்த்து வெளியே உதைக்கக் காலை வைத்தான்.

கம்பம் ரோடு வரை சத்தம் கேட்டதாம். தெருவில் இருந்தவர்கள் மேற்கே மலையைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் அங்கேயிருந்து வருவதுதானே வழக்கம்.

புகை அடங்கினபோது மதன்குமார் மண்ணில் உட்கார்ந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதத்தில் பாதி இல்லை. பவானி குப்புறக் கிடந்தாள். முதுகில் சேலை பொசுங்கி ஒட்டியிருந்தது, இடது காதிலிருந்து ரத்தம். முருங்கை மரத்தில் அறுந்த கயிறு மட்டும் தொங்கியது. சோணையம்மாள் கத்தவே இல்லையாம். முந்தானையைக் கிழித்து மகன் காலைக் கட்டினாள். கட்டிவிட்டு, அதே கையால் பவானியைத் தூக்கி உட்காரவைத்தாள்.

நான் பழனிசெட்டிபட்டியில் இருக்கிறேன், அவர்களைச் சேர்த்த ஆஸ்பத்திரிக்குப் பக்கம். சோறு எடுத்துக்கொண்டு போனேன். வராந்தாவில் சோணையம்மாளும் பவானியும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏண்டி, நான் வாயால திட்டுவேன். திட்டாத நாளு உண்டா? பச்சப்பிள்ளை இருக்குற வீட்டுக்குச் செய்வினை வைக்கிறவள்னு என்னை நெனச்சிட்டியே" என்றாள் சோணையம்மாள்.

பவானி அந்தப் பக்கத்துக் காது கேட்காமல், "என்னக்கா?" என்றாள்.

சோணையம்மாள் மறுபடியும் சொல்லவில்லை. சோற்றுத் தூக்கை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள்.

மதன்குமார் போலீஸிடமும் ஃபாரஸ்ட்காரர்களிடமும் எதையும் மறைக்கவில்லை. நாலு வைத்ததாகச் சொன்னான். ஒன்று தீயில் வெடித்தது. அம்மிக்கல் ஓரம் கிடந்ததை மணல் வாளியில் வைத்து எடுத்துப் போனார்கள். சோளக்காட்டு வரப்பில் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். நாலாவதைக் காணோம்.

வைத்த குழி இருந்தது, உருண்டை இல்லை. பன்றி உருட்டிப் போனதா, மழைத் தண்ணீர் ஓடைக்கு இழுத்ததா, ஏட்டு எடுத்து வேறெங்காவது போட்டதா, யாராலும் சொல்ல முடியவில்லை. கம்பு வைத்துக் குத்திப் பார்க்கவும் பயம். இரண்டு நாள் தேடிவிட்டு, அந்தப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முத்துராமலிங்கம் அந்தச் சோளத்தை அறுக்கவே இல்லை. நின்றபடியே காய்ந்தது. பன்றிகள் மட்டும் பயமில்லாமல் தின்றன.

சத்தத்துக்கு மிரண்டு மலைக்கு ஓடின ஏட்டு சில நாள் கழித்து வந்தது. பவானி முதுகுக் கட்டோடு வாசலில் நின்று, "அனு, உள்ள போ, கதவைச் சாத்து" என்றாள். நாயின் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். வாய் காலியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கிட்டே விட்டாள்.

அன்றிலிருந்து தெருவே அதன் வாயைத்தான் பார்த்தது. கட்டிப்போட்டால் கயிற்றை இழுத்து அறுத்தது. சங்கிலி போட்டால் ராப்பகலாக ஊளையிட்டது. ஒருநாள் விடியக்காலை கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு போய்விட்டது. தெருவில் அத்தனை கதவும் சாத்திவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. உச்சிப்பொழுதில் தெருமுனையில் தலை தெரிந்தது. வாயில் என்னவோ இருந்தது. பவானி தன்னந்தனியாக நடுத்தெருவில் நின்று, குரல் நடுங்காமல், "இவிட வா" என்றாள். வந்தது. காலடியில் வைத்தது. ஒரு ரப்பர் செருப்பு. தன்னுடையது என்று கேட்டு யாரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் தெருக்காரர்கள் முற்றத்தில் கூடினார்கள். முத்துராமலிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டு, "தம்பி பெண்டாட்டிகிட்ட நான் கேக்கக் கூடாது. ஆனாலும் கேக்குறேன். நாயை முடிச்சிருவோமா?" என்றான்.

"மேல கொண்டுபோய் விட்டுரலாம்" என்றான் தங்கப்பாண்டியன். அப்படியே செய்து பார்த்தார்கள். ஜீப்பில் ஏற்றி வண்டன்மேட்டில் விட்டார்கள். சேட்டன் இல்லாத தோட்டத்தில் அதற்கு என்ன வேலை? மலையிறங்கி, அந்தச் சோளக்காடு வழியாகவே, வீட்டுக்கு வந்துவிட்டது.

நாய் திரும்பி வந்த அன்று சோணையம்மாள் பவானியின் வலது காதுப் பக்கமாக வந்து நின்றாள். "நான் திட்டுனதை வாபஸ் வாங்கிக்கிறேன்டி. எம்மகன் கால் போனதுக்கு உன்னை ஒரு சொல்லும் சொல்லல. நீ இங்கனதான் இருக்கணும். நாய் மட்டும் வேணாம்" என்றாள்.

"அது ஒண்ணும் பண்ணலக்கா. கெடந்ததை எடுத்து, கொண்டாந்து குடுத்துச்சு" என்றாள் பவானி.

"தெரியும். அதனாலதான் பயமா இருக்கு."

பவானி ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டாள். நாயைக் கொன்றால் வீடு இருக்கும், உறவு இருக்கும், பக்கத்திலேயே திராட்சைத் தோட்டத்து வேலை இருக்கும். கொல்லாவிட்டால் அந்த நாலாவது உருண்டை என்றைக்காவது ஒருநாள் அவள் காலடிக்கே வரும். அல்லது வேறு யார் காலடிக்காவது. மறுநாள் பிள்ளையின் புத்தகப்பையையும் இரண்டு துணிமூட்டையையும் கட்டினாள். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்று ஒரு சரக்கு ஆட்டோ பேசினாள். ஜாமீனில் வந்திருந்த மதன்குமார் கம்பை ஊன்றி வாசல் வரை வந்து நின்றான். சோணையம்மாள் ஒரு தூக்கு நிறையக் குழம்பு கொடுத்தாள்.

மலையை விட்டு வண்டி விலகியதும் பவானி அழுதாள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். நாய் மட்டும் பின்னால் திரும்பி, மேற்கே பார்த்தபடியே வந்ததாம்.

தை மாதம் நான் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் நெல்வயல். பன்றி இல்லை, வெடி இல்லை. வாய்க்கு வலை மாட்டின ஏட்டு வேப்பமரத்தடியில் சங்கிலியில் கிடந்தது. பவானி நடவு வேலைக்குப் போய் வருகிறாள். தங்கப்பாண்டியன் சனிக்கிழமை அங்கேதான் வருகிறான். கம்பத்துப் பக்கத்திலிருந்து போன் வந்தால், யார் பேசினாலும், அவள் முதலில் கேட்பது "கெடைச்சிருச்சா?" என்றுதான். இன்னும் கிடைக்கவில்லை.

பவானி இப்போது ஜெயமங்கலத்தில், அவள் அப்பன் மொக்கைச்சாமி வீட்டில் இருக்கிறாள்.